பச்சை காட்டிய ஐந்து நாட்கள்

எனக்குப் பேச வராது. நாலு பேர் கூடினால் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொள்கிற ஆள் நான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, கருமத்தம்பட்டியில் என்னோடு தறி ஓட்டுகிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, “ஏனுங்க, என்னதான் ஆச்சு?” என்று கேட்டார்கள். “இப்பத் தேவலைங்க” என்று சொல்லி எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நோய் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியதுதான் என்கிறார் டாக்டர். அதைவிட எனக்குப் பயம், அவரிடம் நான் சொன்ன ஒரு பொய்யை நினைத்து. அந்தப் பொய் இன்னும் ஒரு பத்து நிமிடம் பொய்யாகவே இருந்திருந்தால், இதை எழுத எனக்குக் கை விளங்கியிருக்குமா என்று தெரியாது.

முதலில் வாட்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகள் நித்யா சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லாருக்கும் மன அழுத்தத்தை அளக்கிற வாட்ச் ஒன்று கொடுத்தார்கள். அவளிடம் ஏற்கெனவே வேறு வாட்ச் இருந்ததால் இதை எனக்குக் கட்டிவிட்டாள். எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. தூக்கத்தில் பல்லைக் கடிப்பேன். “நீங்களா வாயத் தொறந்து ஒன்னும் சொல்ல மாட்டீங்கப்பா. இது சொல்லிரும்” என்றாள்.

அதன் அடிப்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு மினுங்கும். அந்த வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்தம் ஓடுவதை வைத்து நாடித் துடிப்பைப் பிடிக்குமாம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்குமாம். நிம்மதியாக இருக்கிறவனுக்கு அந்த இடைவெளி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். கவலையில் இருக்கிறவனுக்கு எல்லா இடைவெளியும் ஒரே அளவாக ஆகிவிடும். அதைக் கணக்குப் போட்டுச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் காட்டும். சிவப்பு என்றால் அழுத்தம். பச்சை என்றால் நிம்மதி.

எனக்கு அது ஒப்பவில்லை. “தறி ஒரே சீரா ஓடுனாத்தான கண்ணு நல்ல தறி? தப்பித் தப்பி ஓடுனா நிறுத்திப்போட்டு என்னான்னு பாப்போம். இது தலைகீழாச் சொல்லுதே?” என்றேன்.

“நெஞ்சு என்ன தறியாப்பா?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டேன். எட்டுத் தறி ஓடும் கூடத்தில் எந்தத் தறியில் குறுக்கு நூலோடு ஓடும் நாடா தாமதமாகத் தட்டுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்தக் காது எனக்கு உண்டு. ஆனால் படித்த பெண் சொல்கிறாள், கம்பெனி கொடுத்த பொருள். நான் வாட்ச்சைக் கழற்றவில்லை.

வாட்ச் காட்டுகிற நிறம் என் மனைவி ஈஸ்வரியின் போனிலும் தெரியும்படி நித்யா செய்துவைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. என் தங்கை மகளுக்குக் கண்ணாலம் வைத்திருந்தார்கள். ஒரே தாய்மாமன் நான். ஜவுளி, மண்டபம், மாப்பிள்ளை வீட்டார் வருகை என்று மண்டை முழுக்க அதுதான். வாட்ச் தினமும் சிவப்பாகவே காட்டியது. ஈஸ்வரி போனைப் பார்த்துவிட்டு, “செவப்புங்க, அந்த டிவி நூசை நிறுத்துங்க” என்பாள். “செவப்புங்க, இன்னிக்குக் காப்பி கெடையாது” என்பாள். ஒரு நாள் நான் சும்மா மேலே பார்த்து உட்கார்ந்திருந்தேன். “அப்படி என்னத்தத்தான் நெனைக்கறீங்க, செவப்பு எறங்கவே மாட்டீங்குது!” என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

கண்ணாலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடுமுடியில். அதற்கு முந்தின புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தறியில் நூல் தீர்ந்த தாரை மாற்றக் குனிந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது போல் இருந்தது. வலி இல்லை. படபடவென்று ஒரு அடி, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல. பாவு நூல் சுற்றும் கட்டையின் மேல் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கணக்குக்கும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இது ஒரு தறியாக இருந்திருந்தால் அந்த நொடியே நிறுத்தியிருப்பேன்.

வாட்ச்சைப் பார்த்தேன். பச்சை.

மாலை வீட்டுக்குப் போனால் ஈஸ்வரி வாசலிலேயே நிற்கிறாள். “ஏனுங்க, இன்னிக்குத்தானுங்க மொத மொதப் பச்சை! நித்யாவுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டேன்!” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் என்ன சொல்வது? இன்னொன்றும் இருந்தது. பந்தக்கால் நட்டாகிவிட்டது. பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியது தாய்மாமன். நான் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால், பொண்ணு ராசி சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒரு வார்த்தை விடுவார்கள். அந்த ஒரு வார்த்தை அந்தக் குழந்தையை ஆயுசுக்கும் தொடரும். நாலு நாள்தானே, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பச்சை என்று மெஷினே சொல்கிறதே என்றும் நினைத்தேன்.

வியாழன் பச்சை. வெள்ளி பச்சை. சனியும் பச்சை. ஆனால் எனக்கு மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் தலையணைக்குள் நெஞ்சு தப்பித் தப்பி அடிக்கிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெண்ணின் கையைப் பிடித்து நடக்கையில் என் கைதான் நடுங்கியது. “என்னுங்க மாமா, எனக்கு மேல நீங்க பயந்துக்கறீங்க?” என்று அவள் காதோரம் கேட்டாள். பந்தியில் ஈஸ்வரி என் தங்கையிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தாள். “பாரு, உங்கண்ணனுக்கு இத்தன வேலைக்கு நடுவுலயும் பச்சைதான்!”

மறுநாள் காலை தறியில் கண் இருட்டி விழுந்தேன். பக்கத்துத் தறி மாரப்பன் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு என்னை முதலாளியின் வேனில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனான். ஈஸ்வரியை வழியில் ஏற்றிக்கொண்டோம். ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சட்டையைக் கழற்றி, நெஞ்சிலும் கைகால்களிலும் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடாகக் காகிதத்தில் இழுத்துக் காட்டுவதுதான் ஈசிஜி. இளவயது டாக்டர் ஒருவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயா, இது எப்பலிருந்து இப்படி இருக்குது?”

ஈஸ்வரி என் தலைமாட்டில் நின்றாள். என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்துப் பொழுதோடதானுங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஐந்து நாள் மறைத்ததை அவள் முன்னால் ஒப்புக்கொள்ளக் கூச்சம். அவ்வளவுதான். நேற்றோ ஐந்து நாளோ, மருந்து ஒன்றுதானே என்று நினைத்தேன்.

நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேல் அறைகள் அழுத்திச் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். எனக்கு அவை சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன. அதனால் துடிப்பு தாறுமாறு. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தம் கட்டியாகும் என்றார்கள். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டும் பார்த்தார்கள். ஜெல் தடவி நெஞ்சின் மேல் எக்கோ பார்த்தார்கள். இது ஒவ்வொன்றுக்கும் ஒரு அறைக்கு வெளியே பெஞ்சு, டோக்கன், காத்திருப்பு. காப்பீட்டு அட்டையோடு ஈஸ்வரி மூன்று மாடி ஏறி இறங்கினாள். “எல்லாம் அட்டையில சேந்துருமாங்க, நீங்க அதைப் பத்தி நெனைக்காதீங்க” என்றாள். சேருமா சேராதா என்று அவளுக்கும் தெரியாது என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அன்று மாலை என்னை வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துப் படுக்கையில் மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி. என் வயதுதான் இருக்கும். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை போர்வை மேல் கிடந்தது, யாரோ கொண்டுவந்து வைத்த பொருள் மாதிரி. அவர் மனைவி ஈஸ்வரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இவருக்கும் உங்கூட்டுக்காரராட்டத்தானுங்க, நெஞ்சு படபடப்பு. எல்லாம் அலுப்புன்னு உட்டுப்போட்டோம். நெஞ்சுல இருந்த கட்டி பிச்சுக்கிட்டுப் போயி மூளையில அடைச்சுப்போடுச்சு.” அந்த மனிதர் ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் மட்டும் வந்தது. அந்த அம்மா துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, “தண்ணியா? தலைகாணியா? பையனா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்கும் அவர் தலையாட்டவில்லை.

சிறிது நேரத்தில் டாக்டர் ஒரு தாளோடு வந்தார். மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்து நெஞ்சின் மேல் ஒரு மின் அதிர்ச்சி கொடுப்பார்களாம். அதில் இதயம் ஒரு நொடி நின்று, தன் பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் அன்றே சரியாகிவிடும். கேட்க நன்றாக இருந்தது.

“ஒரே விஷயம். இது ஆரம்பிச்சு ரெண்டு நாளைக்கு மேல ஆயிருந்தா இப்படிச் செய்யக் கூடாது. உள்ளே கட்டி இருந்தா, இதயம் சரியாச் சுருங்க ஆரம்பிச்சதும் அது கிளம்பி மூளைக்குப் போயிரும். உங்களுக்கு நேத்துத்தானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஈஸ்வரி சொன்னாள். “ஆமாங்க சார். அதுக்கு முன்னால அஞ்சு நாளும் நல்லா இருந்தாருங்க. நான் தினமும் பாத்தனே.”

தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரை எழுத்துக் கூட்டி எழுதும்போது நாக்கு நுனி உதட்டோரம் வரும். அப்படித்தான் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று ராத்திரி என் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அந்த மனிதரின் மூச்சுச் சத்தம். இந்தப் பக்கம் தரையில் ஈஸ்வரி. இரண்டு தடவை நர்சைக் கூப்பிடும் பொத்தானில் விரல் வைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? நான் பொய் சொன்னேன் என்றா? காலையில் சொல்லலாம், டாக்டர் தனியாக வந்தால் சொல்லலாம், ஐந்து நாளில் கட்டி எங்கே வரப்போகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிள்ளைப் பிராயத்தில் வகுப்பில் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பேன். அதே ஆள்தான் இப்போதும் படுத்திருந்தேன்.

காலையில் டாக்டர் தனியாக வரவில்லை. டிராலிதான் வந்தது. சிகிச்சை அறை வாசலில் ஒரு நர்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு கடகடவென்று கேட்டாள். ராத்திரிக்கு மேல் ஏதும் சாப்பிட்டீர்களா, பல்செட் உண்டா, மோதிரம் உண்டா. பிறகு வாசித்தாள்: “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்குது. சரிதானுங்களா?”

“சரிதானுங்க அம்மணி” என்றாள் ஈஸ்வரி. “அதுக்கு முன்னால பச்சைங்க. வேணும்னாப் பாருங்க.” போனை நர்சிடம் நீட்டினாள்.

நர்ஸ் அதை வாங்கவில்லை. போன் என் முகத்துக்கு நேராக நின்றது. அத்தனை நாளும் அந்தந்த நாளின் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். எல்லா நாளையும் வரிசையாகப் பார்த்தது அப்போதுதான். செவ்வாய் வரை சிவப்பும் மஞ்சளும். புதனும் காலையில் சிவப்பு. பதினொரு மணிக்கு ஒரு வெட்டு. அங்கிருந்து ராத்திரி, பகல், கண்ணாலம், எதற்கும் மாறாமல் ஒரே பச்சை.

இடைவெளி கூடிக் குறைந்தால் நிம்மதி என்று அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் நெஞ்சு தப்பித் தப்பி அடித்ததை எல்லாம் அது நிம்மதி என்று எழுதிவைத்திருந்தது. அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

“நேத்து முந்தா நேத்து இல்லைங்க” என்றேன்.

“என்னுங்க?” என்றாள் நர்ஸ். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

“புதன்கிழமைங்க. புதன்கிழமை காலைல பதினோரு மணிக்கு ஆரம்பிச்சுதுங்க. நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. டாக்டரைக் கூப்பிடுங்க.”

டிராலிக் கம்பியைப் பிடித்திருந்த ஈஸ்வரியின் கை அப்படியே இருந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். திட்டவில்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். போனை வாங்கி, நாங்கள் ஒரு நாளும் திறக்காத இன்னொரு பக்கத்தைத் திறந்தார். அதில் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று இருந்தது. புதனுக்குப் பிறகு ஏறியும் இறங்கியும் முள்வேலி மாதிரி கிடந்தது. “நெறத்தைப் பாத்தீங்க, இதைப் பாக்கலியா?” என்றார். பிறகு, “வாட்ச்சை வச்சு நான் முடிவு பண்ண முடியாதுங்க. நீங்க சொன்னதை வச்சுத்தான் பண்ணோணும். நேத்தும் அதை வச்சுத்தான் பண்ணினேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மின் அதிர்ச்சியை நிறுத்திவிட்டு, தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் பார்த்தார்கள். உணவுக் குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் போகிறதாம். அங்கிருந்து பார்த்தால், நெஞ்சின் மேல் பார்க்கும்போது தெரியாத மேல் அறையின் மூலை முடுக்கு தெரியும். தொண்டை மரத்துப்போகக் கசப்பாக ஒரு மருந்து அடித்தார்கள். “முழுங்குங்க, முழுங்குங்க” என்றார்கள். கண்ணில் நீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அறையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டது மட்டும் தெரிந்தது.

கட்டி இருந்தது. இடது மேல் அறையில் சின்னப் பை மாதிரி ஒரு இடம் உண்டு, அதற்குள். துவரம்பருப்பு அளவு. திரையில் அது அசைவதைப் பிறகு எனக்குக் காட்டினார்கள். வார்டுக்குத் திரும்பியபோது நான் பக்கத்துப் படுக்கையைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மதியம் ஈஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் கொடுத்தாள். என் தாடையைத் துடைத்தாள். பிறகு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “புதங்கெழமை ராத்திரி ரசத்துக்குச் சோறு போட்டுக்கலீங்க நீங்க. கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. நான் பாத்தேன். பாத்துட்டுப் போனைப் பாத்தேன். பச்சையா இருந்துச்சு. சரீன்னு உட்டுட்டேன்.”

“உம்மேல என்ன தப்பு?” என்றேன்.

“உங்க மேலதான் தப்பு” என்றாள். “பச்சை வந்துச்சுன்னு அஞ்சு நாளா சாமிக்கு வெளக்குப் போட்டனே, அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலை பாத்தீங்களா?”

அவள் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

சாயங்காலம் நித்யா வந்தாள். வாசலிலேயே அழுதுவிட்டாள். “நான் கட்டிவிட்டதுனாலதானப்பா” என்றாள். இல்லை கண்ணு என்றேன். சில வாட்ச்சில் துடிப்பு தாறுமாறானால் எச்சரிக்கை அடிக்கிற வசதி தனியாக உண்டு, இதில் அது இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கவலையை அளக்க வந்த பொருள் கவலையை அளந்தது. நோவைச் சொல்ல வேண்டியவன் நான். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதுதான் சொல்கிறேன். உங்கள் வாட்ச் எந்த நிறம் காட்டினாலும் நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடித்தால் போய் ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், அந்த நாளையே சொல்லுங்கள்.

ஆறு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டி கரைய வாரக்கணக்கில் மாத்திரை. அதை விழுங்குகிறவன் கீழே விழக் கூடாது, வெட்டுக் காயம் படக் கூடாது, ரத்தம் நிற்காது. பிளேடு போட்டுச் சவரம் செய்வதை விட்டுவிட்டேன். பல் துலக்கினால் எச்சிலில் சிவப்பு வருகிறதா என்று ஈஸ்வரி பக்கத்தில் நின்று பார்க்கிறாள். தறிக்குப் போகவில்லை. துடிப்பு இன்னும் சரியாகவில்லை, மருந்தால் வேகம் மட்டும் அடங்கியிருக்கிறது. நாளை மறுபடி அந்தக் குழாய்ப் பரிசோதனை. கட்டி கரைந்திருந்தால் மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். கரையாவிட்டால் இன்னும் மாத்திரை. எது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இன்று காலை குளித்துவிட்டு வந்தவனுக்கு நெஞ்சு திடீரென்று வேகமாக அடித்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். சமையல்கட்டில் ஈஸ்வரி தாளித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அது அடங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். பிறகு கூப்பிட்டேன்.

“ஈஸ்வரி. நெஞ்சு படபடங்குது. இப்பத்தான், ரெண்டு நிமிசமா.” மீதியையும் சொன்னேன். “நாளைக்கு நடக்கப்போறத நெனச்சா எனக்கு நெம்பப் பயமா இருக்குது.”

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மணிக்கட்டை எடுத்து, நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி இரண்டு விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினாள். எண்ணி முடித்து ஒரு காகிதத்தில் நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

“எனக்குந்தானுங்க” என்றாள்.